கொட்டேஷனின் மூன்றாவது வரி

கணினிக் கடையில் எழுதித் தரும் கொட்டேஷனில் முதல் வரி பிராசஸர், இரண்டாவது மதர்போர்டு, மூன்றாவது ரேம். வாங்க வருபவரின் பேச்சு பெரும்பாலும் முதல் வரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஐ3 போதுமா, ஐ5 போகலாமா, இன்னும் கொஞ்சம் புரட்டினால் ஐ7 வருமா என்று நெடுநேரம் யோசிப்பார். கடைசியில் தொகை கையை மீறும்போது வெட்டு விழுவது மூன்றாவது வரியில்: "இப்போதைக்கு 8 ஜிபி போடுங்க, பிறகு ஏத்திக்கலாம்." புதிதாக டெஸ்க்டாப் வாங்கும் ராயகிரிக்காரர் ஒருவருக்கு இந்த வழக்கம் சரிதானா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. சரியில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நல்ல நியாயம் இருக்கிறது. அதை முதலில் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

ரேமைக் கூட்டுவது எளிது. பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காலி ஸ்லாட்டில் குச்சியை வைத்து அழுத்தினால் முடிந்தது. பழைய குச்சியும் வீணாகாது. பிராசஸரை மாற்றுவது அப்படியல்ல. புதியது அதே சாக்கெட்டில் பொருந்த வேண்டும், மதர்போர்டின் பயாஸ் அதை அடையாளம் காண வேண்டும், கூலரைக் கழற்றி பேஸ்ட் தடவி மாட்ட வேண்டும், கழற்றிய பழைய பிராசஸரை வாங்க ஆள் தேட வேண்டும். ஆகவே, மாற்றக் கடினமானதில் இன்றைக்கே பணத்தைப் போடு, மாற்ற எளிதானதை நாளைக்கு விடு என்பது தர்க்கத்தில் பிழையில்லாத யோசனைதான். பொதுவாக ரேம் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிவந்த காலம் முழுவதும் இதுவே நல்ல யோசனையாகவும் இருந்தது.

இந்த யோசனை இரண்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது. ஒன்று, வாங்குபவரின் வேலையில் நேரத்தைத் தின்பது பிராசஸர். இரண்டு, நாளைக்கு ரேம் இன்றைய விலைக்கோ அதற்குக் கீழேயோ கிடைக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கலாம்.

முதலாவதைச் சோதிக்க, வேலை என்ன என்று தெரிய வேண்டும். ராயகிரி தென்காசி மாவட்டத்தில், சிவகிரி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. இந்த அளவு ஊர்களில் பெரும்பாலான வீடுகளின் கணினி வேலையைக் கைபேசியே முடித்துவிடுகிறது. டெஸ்க்டாப் இன்றி நடக்காத இடங்கள் சிலவே: இ-சேவை மையம், ஜெராக்ஸோடு சேர்ந்த டிடிபி கடை, ஃபிளெக்ஸ் டிசைன் செய்பவர், கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோ, பொறியியலோ கணினி அறிவியலோ படிக்கும் பிள்ளை உள்ள வீடு. இவற்றில் யாரும் கணினி விளையாட்டுக்காக வாங்குவதில்லை. யூடியூப் விமர்சகர்கள் காட்டும் வரைபடங்களோ பெரும்பாலும் விளையாட்டில் நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்பதைப் பற்றியவை. அந்த வரைபடத்தை வைத்து ஃபிளெக்ஸ் கடைக்குப் பிராசஸர் தேர்ந்தெடுப்பது பொருந்தாத அளவுகோல்.

ஃபிளெக்ஸையே எடுத்துக்கொள்வோம். பத்தடிக்கு எட்டடி பேனர். அங்குலத்துக்கு 100 புள்ளி என்று ஃபோட்டோஷாப்பில் திறந்தால் அகலம் 12,000 புள்ளி, உயரம் 9,600 புள்ளி; மொத்தம் 11 கோடியே 52 லட்சம். அச்சுக்கான நான்கு வண்ண முறையில் புள்ளிக்கு 4 பைட். முழுப் பரப்பையும் நிரப்பும் ஒரே ஒரு லேயர் 460 எம்பி இடம் பிடிக்கிறது. பின்னணி ஒன்று, அதன் மேல் வண்ணச் சாயல், பெரிய படங்கள், நிழல், எழுத்து என்று அடுக்கிக்கொண்டே போனால் இரண்டு மூன்று ஜிபி எளிதில் ஆகிவிடும். ஒவ்வொரு மாற்றத்தையும் திரும்பப் பெறுவதற்காக ஃபோட்டோஷாப் சேர்த்துவைக்கும் பழைய நிலைகள் இதற்கு மேல். பக்கத்தில் கோரல்டிராவும், வாட்ஸப்பில் வந்த படங்களை இறக்க குரோமும் திறந்திருக்கும். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்துதான் போக வேண்டும். 8 ஜிபி என்பது இந்தக் கடைக்குக் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும் கணக்கு. அடோப் நிறுவனமே ஃபோட்டோஷாப்புக்கு 8 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும் 16 ஜிபியைப் பரிந்துரையாகவும் சொல்கிறது.

தீர்ந்தால் என்ன ஆகும்? கணினி நின்றுவிடாது. இடம் போதாதபோது விண்டோஸ் உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை எஸ்எஸ்டிக்குத் தள்ளி, கேட்கும்போது திரும்ப எடுத்துவரும். ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஏறக்குறைய நூறு நானோநொடி ஆகிறது. நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பல பத்து மைக்ரோநொடிகள். அதாவது பல நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை தாமதம். அந்த நேரத்தில் அந்த வேலையைப் பொறுத்தவரை பிராசஸர் காத்திருக்கிறது. ஐ3 ஆனாலும் ஐ9 ஆனாலும் ஒரே வேகத்தில்தான் காத்திருக்கும். இங்கேதான் முதல் வரியில் கூடுதலாகப் போட்ட பணம் மூன்றாவது வரியில் மிச்சம் பிடித்ததால் பயனற்றுப் போகிறது.

இதை நம்பிக்கையாக ஏற்க வேண்டியதில்லை, பழைய கணினியிலேயே அளந்து பார்க்கலாம். கூட்டம் அதிகமுள்ள நேரத்தில், வழக்கமாகத் திறந்திருக்கும் எல்லாமும் திறந்திருக்கும்போது, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரியில் 'கமிட்டட்' என்று இருக்கும் எண், உள்ளே மாட்டியிருக்கும் ரேமின் அளவைத் தாண்டியிருக்கிறதா? கூடவே டிஸ்க் வரைபடம் ஓயாமல் ஏறி இறங்குகிறதா? அந்த நேரத்தில் சிபியு பாதிக்கும் கீழே கிடக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் குறை ரேமில் இருக்கிறது. மாறாக மெமரியில் இடம் தாராளமாக இருந்து, சிபியு நூறைத் தொட்டபடி நின்றால், பிராசஸருக்காகப் பேசுபவர் சொல்வது சரி. ஒரே ஒரு கோர் மட்டும் திணறினாலும் மொத்தக் கணக்கு குறைவாகவே தெரியும் என்பதால், கோர் வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தையும் பார்த்துவிட வேண்டும்.

சரி, பிராசஸரில் கூடுதல் பணம் போட்டால் கிடைப்பதுதான் என்ன? ஐ5-12400க்கு ஆறு கோர், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஐ7-14700கே-க்கு எட்டு பெரிய கோர், பன்னிரண்டு சிறிய கோர், உச்ச வேகம் 5.6. ஒரு மென்பொருளைத் திறப்பது, ஒரு ஃபில்டரைப் போடுவது, ஒரு பிடிஎஃப் ஆக்குவது போன்ற, ஒரு கோரை நம்பிய வேலைகளில் வேக வித்தியாசம் கடிகாரக் கணக்கில் 27 சதவீதம். நல்ல வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரேம் போதாமல் வரும் தாமதத்துக்கு முன்னால் அது மிகச் சிறியது. கோர்களின் எண்ணிக்கை உண்மையாகப் பேசுவது எல்லாக் கோர்களையும் ஒன்றாக ஓட்டும் வேலைகளில்: வீடியோவை ரெண்டர் செய்வது, பெரிய நிரலைத் தொகுப்பது, முப்பரிமாண மாதிரிகள். இ-சேவை மையத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. சான்றிதழ் விண்ணப்பப் பக்கம் மெதுவாகத் திறந்தால் காரணம் பெரும்பாலும் இணைய இணைப்பிலோ மறுமுனைச் சர்வரிலோ இருக்கும். அங்கே ஐ7 வாங்கி ஒரு நொடியும் மிச்சமாகாது.

கல்யாண வீடியோ ஸ்டுடியோ தனிக்கதை. இங்கே பிராசஸரைப் பற்றி நிறையவே பேச வேண்டியிருக்கிறது, ஆனால் எண்ணைப் பற்றி அல்ல, எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பற்றி. இப்போதைய கேமராக்கள் பல, 10 பிட், 4:2:2 என்ற வண்ணக் கணக்கில், ஹெச்.265 முறையில் சுருக்கிப் பதிகின்றன. அதை விரித்து டைம்லைனில் ஓட்டுவது கனமான வேலை. இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கும் க்விக் சிங்க் என்ற பகுதி இந்த வேலையைத் தனியாக ஏற்றுக்கொள்கிறது. என்விடியாவின் கார்டுகளில் இந்தத் திறன் 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய 30, 40 வரிசைகளில் 4:2:2க்கு இடமில்லை. பெயரின் முடிவில் 'எஃப்' என்று வரும் இன்டெல் பிராசஸர்களிலோ உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது. ஆகவே "எஃப் எடுத்தால் கொஞ்சம் குறையும், அந்தப் பணத்தைக் கார்டில் போடலாம்" என்ற வழக்கமான ஆலோசனையை ஏற்று ஐ5-12400எஃப் வாங்கி, அதோடு 3060 கார்டைச் சேர்க்கும் ஸ்டுடியோக்காரர், தன் தொழிலுக்கு மிகவும் தேவையான ஒன்றைக் கொஞ்சம் பணத்துக்காக விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். எடிட்டிங்கின்போது படம் தடுக்கித் தடுக்கி ஓடுவதை ஒவ்வொரு கல்யாண சீசனிலும் அவர் அனுபவிப்பார். அதே 4:2:2, ஹெச்.264 முறையில் பதிவானதாக இருந்தால் 12 முதல் 14 வரையான தலைமுறைகளின் க்விக் சிங்க்கும் உதவாது. எனவே கேமரா எந்த முறையில் பதிகிறது என்று மெனுவில் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ரைசன் பிராசஸர்களின் உள்ளமைந்த கிராபிக்ஸும் இந்த 4:2:2 விஷயத்தில் கைகொடுப்பதில்லை. ரேம் இங்கும் முக்கியம்தான். பிரீமியர் ப்ரோவுக்கு அடோப் சொல்லும் பரிந்துரை ஹெச்டிக்கு 16 ஜிபி, 4கே-க்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேல்.

இனி இரண்டாவது அனுமானம்: பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பது. 2025இன் பிற்பகுதியில் இது உடைந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கின. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உலகின் பெரும்பங்கு டிராம் சில்லுகளைச் செய்கின்றன. மூன்றும் அதிக லாபம் தரும் அந்தப் பக்கம் உற்பத்தியைத் திருப்பின. சில மாதங்களிலேயே டிடிஆர்5 குச்சிகளின் சில்லறை விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், பொதுமக்களுக்கு நேரடியாக விற்றுவந்த தன் க்ரூஷியல் பிராண்டை மூடுவதாக அறிவித்தது. நம் ஊர்க் கடைகளில் நம்பி வாங்கிய பெயர்களில் ஒன்று அது. பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று 2025இன் நடுவில் 8 ஜிபியோடு வாங்கியவருக்கு அந்தப் 'பிறகு' வந்தபோது விலை இரட்டிப்பாகியிருந்தது.

இதிலிருந்து எதிர்த்திசையிலும் ஒரு முடிவு எடுக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம்: விலை உச்சத்தில் இருக்கும்போது ஏன் வாங்க வேண்டும், இறங்கும்வரை 8 ஜிபியில் ஓட்டலாமே? இது நேர்மையான கேள்வி. நினைவக விலை ஏறி இறங்கிய வரலாறு நீண்டது. 2017லும் இப்படி ஏறிப் பிறகு இறங்கியது. ஆனால் தொழிலுக்கு வாங்கும் கணினி முதல் நாளிலிருந்து சம்பாதிக்க வேண்டும். அடுத்த ஆண்டு விலை இறங்குமா என்பதைப் பந்தயமாக வைத்து இந்த ஆண்டு வாடிக்கையாளரைக் காக்கவைப்பது நல்ல வியாபாரம் அல்ல. படிக்கும் பிள்ளைக்கு வாங்கும் வீட்டுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு ஓரளவு பொருந்தும்.

அடுத்து, ரேமில் பழைய வகையான டிடிஆர்4 ஆ, புதிய வகையான டிடிஆர்5 ஆ என்ற கேள்வி. இரண்டும் ஒரே போர்டில் பொருந்தாது, ஆகவே இது பிராசஸரோடு சேர்த்து எடுக்க வேண்டிய முடிவு. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு இரண்டு வகைப் போர்டுகளும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டும். புதியதுதான் வேகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். டிடிஆர்5-5600 குச்சி ஒன்று நொடிக்கு 44.8 ஜிபி கடத்தும். டிடிஆர்4-3200 குச்சி ஒன்று 25.6, இரண்டைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 51.2. அதாவது ஒரே ஒரு புதிய குச்சியைவிட இரண்டு பழைய குச்சிகள் முன்னால் நிற்கின்றன. தாமதத்திலும் டிடிஆர்5க்குத் தானாக வரும் மேன்மை ஏதுமில்லை. தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணைப் பார்த்தால், 3200 வேகத்தில் சிஎல்16 என்பதும் 6000 வேகத்தில் சிஎல்30 என்பதும் பத்து நானோநொடியே. இரண்டு டிடிஆர்5 குச்சிகள் போட முடிந்தவருக்கு மட்டுமே புதியதன் முழுப் பயன்.

டிடிஆர்4 பக்கம் ஒரு குறை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் 2025இலேயே அதன் உற்பத்தியைச் சுருக்கத் தொடங்கிவிட்டன. புதிதாக வாங்கினால் அதுவும் மலிவல்ல. ஆனால் ராயகிரி போன்ற ஊரில் வேறொரு வாய்ப்பு உண்டு. நகரத்து அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்கள் சில ஆண்டுகளாகச் சிறு ஊர்களுக்கு நிறைய வந்தன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே அந்தப் பெட்டிகள் மூலைக்குப் போகின்றன. அவற்றுக்குள் இருக்கும் டிடிஆர்4 குச்சிகள் புதிய போர்டில் வேலை செய்யும். 2133, 2400 வேகத்தில் மெதுவாகத்தான் ஓடும், இருந்தாலும் போதாத ரேமைவிட மெதுவான ரேம் எவ்வளவோ மேல். உயரமான டவர் பெட்டிகளில் இருப்பது நீளக் குச்சி. உள்ளங்கை அளவுப் பெட்டிகளில் லேப்டாப்புக்கான குட்டைக் குச்சி இருக்கும். அது டெஸ்க்டாப் போர்டில் பொருந்தாது.

ஏஎம்டிக்காரர்களின் வாதம் நீண்டகாலப் பார்வை. 2017இல் முதல் ரைசனுக்காக ஏஎம்4 போர்டு வாங்கிய பலரால், 2022இல் பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் 5000 வரிசைப் பிராசஸரைப் போட முடிந்தது. ஐந்தாண்டு இடைவெளியில் இப்படி ஒரு பாய்ச்சலை இன்டெல் தந்ததில்லை. ஏஎம்5க்கும் 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் புதிய பிராசஸர்கள் வரும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. இதை நான் மதிக்கிறேன். சென்னை ரிச்சி தெருவுக்கு நடந்துபோய், பழைய பிராசஸரை அங்கேயே விற்று, புதியதை வாங்கிவரக்கூடியவருக்கு இது பெரிய பலம். ராயகிரிக்காரருக்குப் பயாஸ் புதுப்பிக்கவே ராஜபாளையமோ தென்காசியோ திருநெல்வேலியோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கலாம். கடையை ஒரு நாள் மூட வேண்டும். தொழில் கணினியை ஏழெட்டு ஆண்டு அப்படியே ஓட்டிவிட்டு மொத்தமாக மாற்றுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். பயன்படுத்தப்போகாத வாய்ப்புக்கு இன்று விலை கொடுப்பது தேவையில்லை. நிரல் கற்கும் பிள்ளைக்கு மட்டும் என் முடிவு மாறுகிறது: அந்த வயதில் பெட்டியைத் திறந்து மாற்றிப்பார்க்கும் ஆர்வம் இருக்கும், மத்தளம்பாறையில் ஸோஹோ போன்ற நிறுவனம் இருக்கும் மாவட்டத்தில் அந்தக் கல்விக்குப் பயனும் இருக்கும். அங்கே ரைசன் 5 7600, ஏஎம்5 போர்டு பொருத்தமானது.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் சொல்லாமல் இந்தத் தீர்ப்பு முழுமையாகாது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களை விட்டுவிடுவோம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் இருக்கும் சூட்டில்தான் இந்தப் பெட்டி ஓட வேண்டும். ஐ5-12400 உச்சத்தில் எடுப்பது 117 வாட். பிராசஸரோடு வரும் கூலர் அதைச் சமாளிக்கும். ஐ7-14700கே எடுப்பது 253 வாட். அதற்குக் கூலரைத் தனியாக வாங்க வேண்டும். கடைகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் கார்டும் சேர்ந்தால் மின்வெட்டு நேரத்தில் ஐ7 பெட்டி சட்டென்று அணைந்துபோகும் அபாயம் உண்டு. இதோடு, 13, 14ஆம் தலைமுறையின் மேல்வரிசைச் சில்லுகளில் மின்னழுத்தம் கூடிப்போய் நிலைகுலையும் கோளாறு 2024இல் உறுதியானது. இன்டெல் மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை மூன்றிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. பாதிக்கப்பட்ட பட்டியலில் ஐ5-13600கே, 14600கே, ஐ7, ஐ9 வகைகள் இருந்தன. ஐ5-12400, 13400, 14400 இல்லை. சிறிய ஊரில், பழுதானால் எடுத்துச்செல்ல ஆளில்லாத இடத்தில், இது என்னைப் பொறுத்தவரை விலை வித்தியாசத்தைவிடக் கனமான காரணம்.

ஆகவே தீர்ப்பு. இ-சேவை, டிடிபி கடைக்கு உள்ளமைந்த கிராபிக்ஸோடு ஐ3-12100 அல்லது 14100 போதும். 16 ஜிபிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஃபிளெக்ஸ் டிசைனுக்கு ஐ5-12400 அல்லது 13400, 32 ஜிபி. ஐ7யும் 16 ஜிபியும் ஒரு பக்கம், ஐ5யும் 32 ஜிபியும் மறுபக்கம் என்று நின்றால் இரண்டாவதையே தயக்கமின்றி எடுப்பேன். வீடியோ ஸ்டுடியோவுக்கு 32 ஜிபி அடிப்படை. பிராசஸரில் பணம் போட நியாயம் உள்ள ஒரே கடை இது. க்விக் சிங்க் பகுதி இரண்டு உள்ள யுஹெச்டி 770 கிராபிக்ஸோடு ஐ5-14500 கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் எஃப் இல்லாத 14400. பழைய டவரிலிருந்து டிடிஆர்4 குச்சிகள் கையில் இருந்தால் டிடிஆர்4 போர்டு, இல்லையென்றால் டிடிஆர்5.

இரண்டு 16 ஜிபி டிடிஆர்5 குச்சிகளுக்குப் பணம் போதாதவருக்கு ஒரு இக்கட்டு வரும்: இரண்டு 8 ஆ, ஒரே 16 ஆ? இரண்டு குச்சி என்றால் கடத்தும் வேகம் இரட்டிப்பு என்று நானே மேலே சொன்னேன். இருந்தாலும் இங்கே ஒற்றை 16ஐத்தான் சொல்வேன். டிடிஆர்5இல் 8 ஜிபி குச்சிகள் பெரும்பாலும் நான்கே சில்லுகளோடு வருவதால் அவற்றின் வேகம் சற்றுக் குறைவு. மலிவான போர்டுகளில் இரண்டு ஸ்லாட்டே இருப்பதால் பிறகு கூட்டும்போது இரண்டு 8ஐயும் கழற்றி எறிய வேண்டும். ஃபோட்டோஷாப், டேலி, குரோம் வேலைகளில் கடத்தும் வேகக் குறைவு பெரிதாக உறைக்காது. நான்கு ஸ்லாட் உள்ள டிடிஆர்4 போர்டு என்றால் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே இரண்டு 8 சரி. எதுவானாலும் கொட்டேஷனில் "ரேம் 16 ஜிபி" என்று மட்டும் எழுதவிடாமல், எத்தனை குச்சி, எந்த வேகம், எந்த நிறுவனம், போர்டில் எத்தனை ஸ்லாட் காலி என்பதையும் அதே வரியில் எழுதி வாங்க வேண்டும். பெட்டி வந்ததும் பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கி, காசு கொடுத்த வேகத்தில்தான் ரேம் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துவிட்டே மீதித் தொகையைத் தரலாம்.